மலை சரிவதற்கு முன் வரவேண்டிய பணம்

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவில் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், கடலோர மாவட்டங்களோடு நிற்காமல் உள்நாட்டுக்குள் மெல்ல நகர்ந்து, அடுத்த இரண்டு நாள்களில் சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் மழையைக் கொட்டித் தீர்த்தது. அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் பல இடங்களில் மண் சரிந்தும் பாறை உருண்டும் போக்குவரத்து நின்றுபோனது. மலையிலிருந்து இறங்கிய நீர் திருமணிமுத்தாற்றில் வெள்ளமாகிச் சேலம் நகருக்குள் வந்தது. டிசம்பர் 6ஆம் தேதி, மாநில பேரிடர் நிவாரண நிதிக்கான மத்திய அரசின் பங்காக 944.80 கோடி ரூபாய் தமிழகத்துக்கு விடுவிக்கப்பட்டது. மாநிலம் கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்ற வாதம் வழக்கம்போல் சில வாரங்கள் நடந்து ஓய்ந்தது.

இந்த வாதம் முழுவதும் நிவாரண நிதியைப் பற்றியதாகவே இருந்தது. அதன் பக்கத்திலேயே, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் அதே அத்தியாயத்தில், மாநில பேரிடர் தணிப்பு நிதி என்று இன்னொன்று இருக்கிறது. நிவாரண நிதி, வீடு இடிந்தபின் வரும் பணம். தணிப்பு நிதி, வீடு இடியாமலிருக்க வேண்டிய வேலைக்கு, வீடு நிற்கும்போதே செலவழிக்க வேண்டிய பணம். முதலாவதன் பெயர் மலைக்கிராமத்துப் பாட்டிக்கும் தெரியும். இரண்டாவதன் பெயர் ஊராட்சி அலுவலகத்தில்கூட அடிக்கடி உச்சரிக்கப்படுவதில்லை. இதற்கான காரணத்தை மக்களின் அறியாமையில் தேடுவதைவிட, அந்த நிதி அமைக்கப்பட்ட விதத்தில் தேடுவதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

வரலாற்றிலிருந்து தொடங்கலாம். பேரிடர் செலவுக்கென்று மாநிலங்களுக்குத் தனிக் கணக்கு வைக்கும் முறை, மத்திய, மாநில அரசுகளுக்கிடையே நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் 9ஆவதன் பரிந்துரைப்படி 1990இல் இயற்கைப் பேரிடர் நிவாரண நிதியாகத் தொடங்கியது. பெயரே சொல்வதுபோல் அது நிவாரணத்துக்கு மட்டுமானது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் இயற்றப்பட்ட 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இந்தச் சிந்தனையை மாற்றியது. அதன் 46ஆவது பிரிவு தேசிய அளவில் நிவாரணத்துக்கு ஒரு நிதியையும், 47ஆவது பிரிவு தணிப்புக்கு ஒரு நிதியையும் அமைத்தது. 48ஆவது பிரிவு, இவ்விரண்டையும் மாநிலத்திலும் மாவட்டத்திலும் தனித்தனியாக ஏற்படுத்தும்படி மாநில அரசுகளைப் பணித்தது.

சட்டம் வந்தது, தணிப்பு நிதி வரவில்லை. துறைதோறும் இருக்கும் திட்டங்களிலேயே தணிப்பு வேலையும் நடக்கிறது, தனி நிதி எதற்கு என்பதே நெடுநாள் நிலைப்பாடாக இருந்தது. 2016 மே மாதம், வறட்சி தொடர்பான ஸ்வராஜ் அபியான் வழக்கில், தேசிய பேரிடர் தணிப்பு நிதியை மூன்று மாதங்களுக்குள் ஏற்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகும் ஆண்டுகள் ஓடின. என்.கே.சிங் தலைமையிலான 15ஆவது நிதிக்குழு பணத்தைப் பிரித்துக் காட்டிய பின்னர்தான், 2021 பிப்ரவரி 5ஆம் தேதி அந்த நிதி முறையாக அறிவிக்கப்பட்டது. செயல்படுத்தும் வழிகாட்டு நெறிமுறைகள் 2022இல் வெளிவந்தன. சட்டத்தில் எழுதிய ஒரு வரி கணக்குப் புத்தகத்தில் ஏறுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. நிவாரணத்துக்கு முப்பது ஆண்டுப் பழக்கம் இருக்கும்போது, தணிப்பு நிதி இன்னும் நடைபழகிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

தொகைகளைப் பார்த்தால் அளவு புரியும். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, மாநிலங்களின் பேரிடர் மேலாண்மைக்கென 15ஆவது நிதிக்குழு குறித்த மொத்தத் தொகை 1,60,153 கோடி ரூபாய். அதில் 80 விழுக்காடு, அதாவது 1,28,122 கோடி, நிவாரண நிதிக்கு. 20 விழுக்காடு, அதாவது 32,031 கோடி, தணிப்பு நிதிக்கு. அந்த 80 விழுக்காட்டுக்குள்ளும் உட்பிரிவு உண்டு: உடனடி மீட்புக்கும் நிவாரணத்துக்கும் 40, மறுசீரமைப்புக்கு 30, ஆயத்தப் பணிக்கும் பயிற்சிக்கும் 10. தமிழகம் போன்ற மாநிலங்களில் இவற்றுக்கு மத்திய அரசு 75 பங்கும் மாநில அரசு 25 பங்கும் போட வேண்டும். மாநிலங்களுக்குள் பங்கீடு செய்யும்போது, முந்தைய ஆண்டுகளில் செலவிட்ட அளவுக்கு 70 விழுக்காடும், பரப்புக்கும் மக்கள்தொகைக்கும் தலா 15 விழுக்காடும் எடைபோட்டு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் இடர்க் குறியீட்டையும் நிதிக்குழு சேர்த்துக்கொண்டது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 944.80 கோடி என்பது 2024–25ஆம் ஆண்டுக்கான நிவாரண நிதியில் மத்திய அரசின் 75 விழுக்காடு என்றால், முழு நிவாரண நிதி ஏறத்தாழ 1,260 கோடி. எண்பதுக்கு இருபது என்ற விகிதப்படி தணிப்பு நிதி அதில் நான்கில் ஒரு பங்கு, சுமார் 315 கோடி. இதை 38 மாவட்டங்களுக்கும் சமமாகப் பிரித்தால் ஒரு மாவட்டத்துக்கு எட்டுக் கோடியைச் சற்றுத் தாண்டும். அப்படிச் சமமாகப் பிரிக்கும் விதி எதுவும் கிடையாது. அளவை மனத்தில் நிறுத்துவதற்காக மட்டுமே இந்த வகுத்தல். மலைப்பாதையில் பெரிய தடுப்புச்சுவர்கள் சிலவற்றை எழுப்பினாலே எட்டுக் கோடி கரைந்துவிடும். அதே எட்டுக் கோடியைச் சிறு வடிகால்களுக்கும் சிறுபாலங்களுக்கும் ஓடைத் தூர்வாரலுக்கும் பகிர்ந்தால் ஒரு வட்டம் முழுவதையும் தொட்டுவிடலாம்.

இந்த வேறுபாடு என் சொந்தக் கருத்து மட்டுமில்லை. நிதியின் வரையறையிலேயே இருக்கிறது. உள்ளூர் அளவிலான, சமூகம் சார்ந்த, ஆபத்தைக் குறைக்கிற, சுற்றுச்சூழலுக்கு இசைவான குடியிருப்பையும் வாழ்வாதாரத்தையும் வளர்க்கிற பணிகளுக்கே தணிப்பு நிதி பயன்பட வேண்டும் என்கிறது அந்த வரையறை. கடலரிப்புச் சுவர், வெள்ளக் கரை போன்ற பெருங்கட்டுமானங்களை வழக்கமான வளர்ச்சித் திட்டங்களின் மூலமே செய்ய வேண்டும், இந்த நிதியிலிருந்து செய்யக் கூடாது என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆக, தாளில் இது ஒரு சிற்றூரின் நிதி. அதைக் கேட்டுப் பெறும் வழி சிற்றூருக்கு ஏற்றதாக இருக்கிறதா என்பதே கேள்வி.

அதற்கு விடை தேடுமுன், சேர்வராயன் மலையில் ஆபத்து எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். எந்த வேலைக்குப் பணம் தேவை என்பது அதிலிருந்துதான் தெளிவாகும். இந்த மலையின் எலும்பு சார்னோக்கைட் என்னும் மிகப் பழைய, மிகக் கடினமான பாறை. அந்தப் பாறை வெகு அரிதாகவே தானாக உடைந்து விழுகிறது; விழுவது அதன்மேல் போர்த்தியிருக்கும் சதை. வெயிலும் மழையும் எண்ணற்ற ஆண்டுகள் சிதைத்ததில் பாறையின் மேற்பகுதி செம்மண்ணாகவும், மண்ணுக்குள் புதைந்த உருண்டைக் கற்களாகவும் மாறியிருக்கிறது. மலையின் உயரப் பகுதிகளில் பாக்சைட் படிவங்கள் இருப்பதே இந்தச் சிதைவு எவ்வளவு நீண்ட காலம் நடந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. காய்ந்திருக்கும்போது இந்த மண் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதனால்தான் சாலைக்கும் வீட்டுமனைக்கும் மலையை வெட்டுபவர்களுக்கு நம்பிக்கை பிறக்கிறது. நீர் புகுந்தால் கதை வேறு. மண்துகள்களுக்கு இடையே நீரழுத்தம் ஏறி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் பிடி தளர்ந்து, அடியில் இருக்கும் வழுவழுப்பான பாறையின் மேல் மொத்த மண்ணும் நழுவுகிறது. உருண்டைக் கற்கள் அதோடு கிளம்பிச் சாலையில் வந்து உட்கார்கின்றன.

ஏற்காட்டில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இந்த மலைக்கு உண்டு. கோடை மழையும் சேர்ந்துகொள்கிறது. அதாவது, டிசம்பரில் ஒரு புயல் வரும்போது மண் ஏற்கெனவே பல மாத மழையைக் குடித்து நிறைந்திருக்கிறது. அந்த நிலையில் ஒரு சரிவு நிற்பதா விழுவதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சில்லறைக் காரியங்கள்: மேல் தோட்டத்திலிருந்து வரும் நீர் எந்த வாரியில் இறங்குகிறது, சாலையோர வடிகாலில் சில்வர் ஓக் இலைகள் அடைத்திருக்கின்றனவா, தடுப்புச்சுவரில் விட்ட கசிவுத் துளைகள் இன்னும் கசிகின்றனவா, சிறுபாலத்தின் குழாய் பாதி மண்ணால் மூடியிருக்கிறதா, ஓடை பாய்ந்த இடத்தில் யாராவது தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்களா. நீருக்கு வழி விடாத தடுப்புச்சுவர் சரிவைத் தாங்குவதில்லை. தனக்குப் பின்னால் ஒரு குளத்தைத் தேக்கிவைத்துக்கொண்டு, சரிவோடு தானும் சேர்ந்து விழுகிறது. கம்பிவலைக்குள் கல் அடுக்கிய சுவர் பார்வைக்கு எளிமையானது என்றாலும் நீரைக் கசியவிடுவதால் மலைக்கு ஏற்றது. வெட்டிவேர் போன்ற ஆழவேர்ப் புற்களையும், சரிவில் கம்பிகளை அறைந்து வலைபோர்த்திப் புல் வளர்க்கும் முறையையும் நீலகிரியின் சாலைகளில் நெடுஞ்சாலைத் துறை ஏற்கெனவே கையாண்டிருக்கிறது.

சமூகம் சார்ந்த பணி என்று தணிப்பு நிதியின் வரையறை சொல்வது இத்தகைய வேலைகளையே. எந்த ஓடை எந்த மழைக்குத் திசைமாறும், எந்தப் பாறையின் அடியில் ஊற்று கிளம்பும் என்ற அறிவு, மலைமேல் தலைமுறைகளாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடமும் தோட்டத் தொழிலாளர்களிடமும் இருக்கிறது. இந்திய புவியியல் ஆய்வு மையம் 2014 முதல் நாட்டின் நிலச்சரிவு அபாயமுள்ள பகுதிகளுக்குத் தயாரித்த நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்கள் 1:50,000 அளவுகோலில் அமைந்தவை. வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் அரைக் கிலோமீட்டர். ஒரு மலைத்தொடரில் கவனிக்க வேண்டிய பகுதி எது என்று அவை காட்டும். குறிப்பிட்ட ஒரு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைக் காட்டா. அந்த இடைவெளியை நிரப்பக் கூடியது ஊர்க்காரர்களின் நினைவு மட்டுமே. ஆனால் நினைவுக்குச் சர்வே எண் கிடையாது. கோப்பு கேட்பது சர்வே எண்ணை.

நிவாரணத்தையும் தணிப்பையும் பிரிக்கும் உண்மையான கோடு இங்கேதான் விழுகிறது. நிவாரணத்துக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. 2022–26 காலத்துக்கான மத்திய நெறிமுறைப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய். முழுதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000, மலைப்பகுதியில் 1,30,000. சேதமான குடிசைக்கு 8,000. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து எழுதுகிறார், வட்டாட்சியர் சான்றளிக்கிறார், பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. தாமதம் இருக்கலாம், விடுபடல் இருக்கலாம். ஆனாலும் மனுதாரர் யார், தொகை எவ்வளவு, கையொப்பம் யாருடையது என்பதில் ஐயமில்லை. மேலும், சட்டத்தின் 50ஆவது பிரிவு, மீட்புக்கும் நிவாரணத்துக்கும் உடனடியாகப் பொருள் வாங்க வேண்டிய நிலையில் ஒப்பந்தப்புள்ளி கோரும் நடைமுறையையே தளர்த்திவிடுகிறது.

தணிப்புக்கு இவை ஒன்றுமே இல்லை. இன்னும் இடியாத வீட்டுக்கு மனுதாரர் கிடையாது. இன்னும் சரியாத மேட்டுக்கு விலைப்பட்டியல் கிடையாது. அதற்கு வேண்டியது திட்ட அறிக்கை: ஆபத்து என்ன, எத்தனை குடும்பங்கள், என்ன வேலை, எந்தத் துறை செய்யும், மதிப்பீடு எவ்வளவு, பலன் என்ன. அறிக்கை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட பேரிடர் மேலாண்மை ஆணையத்தைக் கடந்து, வருவாய் நிர்வாகத் தலைமையகம் வழியாக, தலைமைச் செயலாளர் தலைமையிலான மாநிலச் செயற்குழுவை எட்ட வேண்டும். ஒப்புதல் வந்தபின் வழக்கமான ஒப்பந்தப்புள்ளி முறை. இவற்றில் எந்தப் படியும் தேவையற்றது என்று சொல்ல மாட்டேன். பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் நான்கு லட்ச ரூபாய்ச் சிறுபாலத்துக்கும் நாற்பது கோடித் திட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே ஏணி என்றால், ஏணியில் ஏறும் சிரமத்துக்கு ஈடாகப் பெரிய திட்டத்தையே ஏற்றலாம் என்று எந்தப் பொறியாளரும் நினைப்பார். நிதியின் வரையறை சிறியதை விரும்புகிறது. நடைமுறை பெரியதற்கே இணங்குகிறது.

ஒரு மலைக்கிராமத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சாலையோரத்தில் இருபது வீடுகள். வீடுகளுக்கு மேலே காப்பித் தோட்டம். தோட்டத்துக்கு மேலே காப்புக்காடு. ஆண்டுதோறும் மழையில் காட்டிலிருந்து ஓர் ஓடை இறங்கி, தோட்டத்தின் வரப்பில் திசைமாறி, வீடுகளுக்குப் பின்னால் மண்ணை அரித்து, சாலையைக் கடந்து கீழே பாய்கிறது. ஓடையின் தலைப்பகுதி வனத்துறைக்குச் சொந்தம். நடுப்பகுதி பட்டா நிலம். வீடுகளின் பின்புறம் ஊராட்சியின் பொறுப்பு. சாலையும் சிறுபாலமும் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. இந்த நான்கில் ஏதேனும் ஒன்றில் மட்டும் வேலை செய்தால் ஓடை அடுத்த இடத்தில் தன் வேலையைக் காட்டும். நான்கையும் ஒரே திட்டத்தில் கொண்டுவரும் அதிகாரம் மாவட்ட பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத்தான் இருக்கிறது: ஆபத்தான இடங்களை அடையாளம் கண்டு, துறைகளையும் உள்ளாட்சிகளையும் தணிப்பு நடவடிக்கை எடுக்கச் செய்யும் பொறுப்பைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு அதனிடம் ஒப்படைத்திருக்கிறது, 31ஆவது பிரிவு மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்யச் சொல்கிறது. காட்டுப்பகுதியில் கட்டுமானம் என்றால் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபையின் பரிந்துரையோடு, ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலத்தில் சாலை, குடிநீர்க் குழாய், மழைநீர் சேமிப்பு அமைப்பு, சிறுபாசனக் கால்வாய் முதலியவற்றுக்கு எளிய வழியைத் தருகிறது. சரிவைத் தாங்கும் சுவர் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் எழுதியவர்கள் மலையை எண்ணியிருந்தால் அதையும் சேர்த்திருப்பார்கள்.

மாவட்ட ஆணையத்தைப் பற்றி ஒரு நுட்பம் சொல்ல வேண்டும். சட்டப்படி அதற்கு ஆட்சியர் தலைவர்; மாவட்ட அளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர். மக்களின் குரல் அந்த மேசையில் ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே 25ஆவது பிரிவில் அந்த இருக்கை வைக்கப்பட்டது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த சேலம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு, ஃபெஞ்சல் மழை ஓய்ந்து ஐந்து வாரங்கள்கூட நிறைவடையாத நிலையில், முடிந்துபோய், நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குச் சென்றது. மழை தந்த பாடம் பச்சையாக இருக்கும்போதே ஊராட்சித் தலைவரும் இல்லை, இணைத் தலைவரும் இல்லை. இதைப் பேரிடர்ச் செய்தியாக எவரும் எழுதவில்லை; என் பார்வையில் அது பேரிடர்ச் செய்திதான்.

நிலச்சரிவுக்கென்று தனியாக வந்த பணமும் உண்டு. தேசிய தணிப்பு நிதியில் 15ஆவது நிதிக்குழு சில நோக்கங்களுக்கென்று தொகைகளை ஒதுக்கியது: பத்து மலை மாநிலங்களின் நில அதிர்ச்சி, நிலச்சரிவு ஆபத்துக்கு 750 கோடி, வறட்சி மிகுந்த பன்னிரண்டு மாநிலங்களுக்கு 1,200 கோடி, மக்கள்தொகை மிகுந்த ஏழு நகரங்களின் வெள்ள ஆபத்துக்கு 2,500 கோடி, கரையரிப்பைத் தடுக்க 1,500 கோடி. முதல் பட்டியலில் தமிழகம் இல்லை. அது இமயமலை, வடகிழக்கு மாநிலங்களுக்கானது. பின்னர் 2024 நவம்பரில், ஃபெஞ்சல் வருவதற்குச் சில நாள்கள் முன்பு, 15 மாநிலங்களுக்கான 1,000 கோடி ரூபாய் நிலச்சரிவுத் தணிப்புத் திட்டம் ஒப்புதல் பெற்றபோது, மகாராஷ்டிரத்துக்கு 100 கோடியும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தலா 72 கோடியும் தமிழகத்துக்கு 50 கோடியும் குறிக்கப்பட்டன. தமிழகத்தில் நிலச்சரிவு என்றால் அதிகாரிகளுக்கும் செய்தியாளர்களுக்கும் முதலில் நினைவுக்கு வருவது நீலகிரி. அங்கே சேதமும் அதிகம், ஆய்வும் அதிகம், முன்னெச்சரிக்கைச் சோதனையும் நடந்திருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகளான சேர்வராயனும் கல்வராயனும் கொல்லிமலையும் இரண்டாம் வரிசையில் நிற்கின்றன. 2024 டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் மலையடிவார வீடுகள் மேல் மண் சரிந்து ஏழு பேர் இறந்த பிறகாவது, நீலகிரிக்கு வெளியே மலையே இல்லை என்பது போன்ற இந்தப் பழக்கம் மாற வேண்டும்.

மலையிலிருந்து கீழே இறங்கினால் கேள்வியின் வடிவம் மாறுகிறது. சேர்வராயன் மலையின் நீர் ஒரு பக்கம் திருமணிமுத்தாறாகச் சேலத்தின் நடுவே ஓடிக் காவிரிக்குப் போகிறது. இன்னொரு பக்கம் சரபங்கா நதியாக ஓமலூர், எடப்பாடி வழியாகப் போகிறது. இடையில் ஏரிகள். கன்னங்குறிச்சியில் புதுஏரி நிறைந்து வழிந்தால் மூக்கனேரிக்கு நீர். மூக்கனேரியும் நிறைந்தால் அதற்குக் கீழே. மலையில் பெய்த மழையின் வேகத்தை ஒவ்வொரு படியாகக் குறைத்து நகருக்குள் விடும் இந்தச் சங்கிலி, வெள்ளத் தணிப்பு என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே கட்டப்பட்ட வெள்ளத் தணிப்பு. 2010க்குப் பின் மூக்கனேரியை ஊர்மக்களே முன்னின்று தூர்வாரி, ஏரிக்குள் மண்திட்டுகள் அமைத்து மரம் நட்டது, சமூகம் சார்ந்த பணிக்கு நம் கண்முன் இருக்கும் எடுத்துக்காட்டு. ஆனால் ஒரு கண்ணியை மட்டும் சீரமைத்துவிட்டு, அதற்குள் வரும் வாய்க்காலும் அதிலிருந்து வெளியேறும் ஓடையும் ஆக்கிரமிப்பில் குறுகிக்கிடந்தால், ஏரி அழகாக இருக்கும்; தெரு மூழ்கும்.

நகர வெள்ளத்துக்கான ஏழு நகரங்களின் பட்டியலில் தமிழகத்திலிருந்து சென்னை மட்டுமே இடம்பெற்றது. 2023 டிசம்பரில் அதற்கு ஒப்புதலான 561.29 கோடித் திட்டத்தில் 500 கோடி மத்திய உதவி. சேலத்துக்கு அத்தகைய தனி நிதி இல்லை. எனினும் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பேரிடர் மேலாண்மைத் திருத்தச் சட்டம், மாநகராட்சி உள்ள நகரங்களுக்குத் தனியே நகர்ப்புற பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க மாநில அரசுக்கு வழி செய்திருக்கிறது. 1994 முதல் மாநகராட்சியாக இருக்கும் சேலத்துக்கு அது அமைந்தால் நன்மை உண்டு. ஒரு தீமையும் உண்டு. ஆற்றின் தலை மாவட்ட ஆணையத்திடமும் உடல் மாநகர ஆணையத்திடமும் பிரிந்துபோகக் கூடாது. மலையில் ஓடையைத் திருத்துவதும் நகரில் வடிகாலைத் திருத்துவதும் ஒரே நீருக்கான வேலை.

வறட்சியையும் வெயிலையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேட்டூர் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளுக்கு ஏற்றும் 565 கோடி ரூபாய்த் திட்டம் போன்றவை வழக்கமான நீர்வளத் திட்டங்கள். தணிப்பு நிதியின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. வெப்ப அலை 2024இல் மத்திய அரசின் அறிவிக்கப்பட்ட பேரிடர்ப் பட்டியலில் இல்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு அதை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்தது. மாநிலத்துக்குரிய பேரிடர்களுக்கு நிவாரண நிதியில் 10 விழுக்காடு வரை செலவிடலாம் என்ற வரம்புக்குள் அது வருகிறது.

வெளிநாடுகளில் இந்தப் பணம் எப்படிப் போகிறது என்பதை அறிந்துகொள்வதில் ஒரு பயன் இருக்கிறது. ஆஸ்திரேலியா 2023 முதல் ஐந்தாண்டுகளுக்கு 100 கோடி டாலர் வரையிலான ஒரு நிதியை அமைத்து, ஆண்டுதோறும் விண்ணப்பம் வாங்கித் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கிறது. அமெரிக்கா 2020இல் இதேபோன்ற போட்டிமுறை மானியத்தைத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் அந்நாட்டு நிர்வாகம் அதை நிறுத்துவதாக அறிவிக்க, மாநிலங்கள் நீதிமன்றம் சென்றன. அங்கே உள்ளூர் அமைப்பு தன் மாநில அரசின் வழியாகக் கேட்கலாம்; கேட்கும் படிவமும் கடைசித் தேதியும் வெளிப்படையானவை. ஆனால் பொறியாளரை வைத்துப் பலன் கணக்கு எழுத வசதியுள்ள ஊர் முந்திக்கொள்கிறது. ஏழை ஊர் பின்தங்குகிறது. நம் முறையில் நிதிக்குழுவின் கணக்கு மாநிலத்துக்கு உறுதியாக வந்துசேர்கிறது. மாநிலத்திலிருந்து கீழே இறங்கும் கடைசிப் படிதான் இருட்டு. அங்கிருந்து போட்டியை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. படிவத்தையும் தேதியையும் மட்டும் கடன் வாங்கினால் போதும். குறிப்பிட்ட தொகைக்குக் கீழ்ப்பட்ட மலைவடிகால், சிறுபாலம், கசிவுச் சுவர் ஆகியவற்றுக்கு மாதிரி மதிப்பீடுகளை முன்கூட்டியே தயாரித்து, மாவட்ட அளவிலேயே ஒப்புதல் தரும் அதிகாரத்தை மாநிலச் செயற்குழு வழங்கினால், ஏணியின் பாதிப் படிகள் குறையும். 48ஆவது பிரிவு சொல்லும் மாவட்டத் தணிப்பு நிதிக்கு அப்போதுதான் பொருள் வரும்.

அதுவரை ஓர் ஊர் என்ன செய்யலாம்? கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ‘எங்கள் ஊரைக் காப்பாற்றுங்கள்’ என்ற தீர்மானம் கோப்பில் தூங்கும். சர்வே எண், ஓடையின் பெயர், மண் அரித்த ஆண்டுகள், பாதிக்கப்படும் வீடுகளின் எண்ணிக்கை, மழைநாளில் எடுத்த படங்கள், கேட்கும் வேலை எது என்ற குறிப்பு ஆகியவற்றோடு, மாவட்ட பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் இந்த இடத்தைச் சேர்க்கக் கோரும் தீர்மானத்தை மறுப்பது கடினம். திட்டத்தில் இல்லாத இடத்துக்குத் தணிப்பு நிதி கேட்பது எளிதில்லை. அதனால் அந்த ஒரு வரியே முதல் வெற்றி. மழைமானி வைப்பதும் இளைஞர்களுக்கு மீட்புப் பயிற்சி தருவதும் தணிப்பு நிதியின்கீழ் வராமல், நிவாரண நிதியின் ஆயத்தப் பங்கான 10 விழுக்காட்டில் வருபவை. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இரண்டுமே திரும்பி வரும்.

நாட்காட்டியையும் கவனிக்க வேண்டும். மத்திய அரசு தன் பங்கை ஆண்டுக்கு இரு தவணையாக, ஜூனிலும் டிசம்பரிலும் விடுவிப்பது விதி. ஜூனில் சேர்வராயன் மலையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அப்போது சரிவில் மண்ணைத் தோண்டுவது ஆபத்து. டிசம்பர்த் தவணை வரும்போது காப்பி அறுவடை உச்சத்தில் இருக்கும்; பிப்ரவரி வரை மலையில் ஆள் கிடைப்பது அரிது. அறுவடை முடிந்து கோடை மழைக்கு முன் கிடைக்கும் காய்ந்த வாரங்கள் மார்ச்சிலும் ஏப்ரலிலும். நிதியாண்டு மார்ச் 31இல் முடிந்துவிடுகிறது. டிசம்பர்த் தவணைக்கான வேலை உத்தரவு ஜனவரிக்குள் கையெழுத்தாகி, அந்த ஆண்டின் தொகையை ஏப்ரலிலும் செலவிட அனுமதி இருந்தால், வடிகால் வேலைக்கு ஆறேழு வாரங்கள் கிடைக்கும். இல்லையென்றால் அடுத்த ஆண்டின் மார்ச் வரை காத்திருக்க வேண்டும். இடையில் இரண்டு பருவமழை பெய்துவிடும்.